வணிகத்தில் அறநெறி: அதன் பொருளும் முக்கியத்துவமும், அன்றாட வேலையில் அதை நிலைநிறுத்தும் முறையும்

ஒரு நிறுவனம் யாரிடம் எந்த உண்மையைச் சொல்கிறது, யாருடைய இழப்பில் தன் லாபத்தை ஈட்டுகிறது, தன்னைவிட வலிமை குறைந்தவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்விகளுக்கு அதன் அன்றாட முடிவுகள் தரும் விடையே அந்த நிறுவனத்தின் அறநெறி. சுவரில் மாட்டிய விழுமியப் பட்டியலிலோ ஆண்டறிக்கையின் முன்னுரையிலோ அதைத் தேடுவதில் பயனில்லை. விலைப்புள்ளி, சம்பளப் பட்டியல், விற்பனை இலக்கு, பாக்கிக் கணக்கு, புகார்ப் பதிவேடு ஆகியவற்றைப் புரட்டினால் அது தானாகத் தெரியவரும். நல்ல மனிதர்களை வேலைக்கு அமர்த்திவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் நல்ல மனிதர்களையும் தவறு செய்யத் தூண்டும் ஏற்பாடுகள் நிறுவனங்களுக்குள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்து மாற்றுவதே அறநெறிப் பணியின் பெரும்பகுதி. அதை எப்படிச் செய்வது என்பதைத் தொழில் நடத்துபவர்களுக்கும் மேலாளர்களுக்கும், முடிவெடுக்கும் அதிகாரம் அதிகம் இல்லாத ஊழியர்களுக்கும் இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டத்தை மீறாமல் இருந்தால் போதாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. சட்டம் எழுத்தில் இருக்கிறது, எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. அறநெறியோ ஆளுக்கு ஆள் மாறுவதுபோலத் தோன்றுகிறது. ஆயினும் ஒரு தீங்கு பரவலாக நடந்து, பலர் பாதிக்கப்பட்ட பிறகுதான் பெரும்பாலும் சட்டம் அதைத் தடுக்க வருகிறது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா 1977-இல் குற்றமாக்கியது. ஜெர்மனியிலோ, வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ள 1990-களின் இறுதிவரை வழி இருந்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1997-இல் உருவாக்கிய லஞ்ச எதிர்ப்பு உடன்படிக்கை 1999-இல் நடைமுறைக்கு வந்த காலத்தில்தான் அந்த வழி அடைபட்டது. அதன் பிறகும் பழைய வழக்கத்தைக் கைவிடாத சீமென்ஸ் என்ற ஜெர்மானிய நிறுவனம், அமெரிக்க, ஜெர்மானிய அதிகாரிகளுடன் 2008-இல் செய்துகொண்ட தீர்வுகளையும் அதற்கு முந்தைய அபராதத்தையும் சேர்த்து ஏறத்தாழ 160 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. தடை வருவதற்கு முந்தைய ஆண்டில் கொடுத்த லஞ்சமும், பிந்தைய ஆண்டில் கொடுத்த லஞ்சமும் அந்தந்த நாட்டு மக்களின் பணத்தை ஒரே விதமாகத்தான் பறித்தன. இடையில் மாறியது சட்டம் மட்டுமே. சட்டப்படி சரியா என்று மட்டும் பார்க்கும் நிறுவனம், அந்த இடைவெளியில் தான் செய்யும் தீங்கைத் தீங்காகவே காண்பதில்லை.

நிறுவனத்தின் கடமை லாபம் ஈட்டுவது மட்டுமே என்ற வாதத்துக்குப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மேன் 1970-இல் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டுவது வழக்கம். அவரும் கூட, சமூகத்தின் அடிப்படை விதிகளுக்கு உட்பட்டே லாபம் தேட வேண்டும் என்றும், சட்டத்தில் எழுதப்பட்டவற்றோடு அறவழக்கில் உள்ளவையும் அந்த விதிகளில் அடங்கும் என்றும் அதே கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த நிபந்தனையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அறநெறி ஏன் முக்கியம்?

நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் செலவு கூடுகிறது. சரக்கை ஒவ்வொரு முறையும் எடை போட்டுச் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு வாக்குறுதிக்கும் முன்பணமும் ஜாமீனும் கேட்க வேண்டும், ஒவ்வொரு கையெழுத்துக்கும் சாட்சி வைக்க வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர் என்று பெயர் பெற்றவருக்கு இந்தச் செலவுகள் குறைகின்றன. கடன் எளிதாகக் கிடைக்கிறது, திறமையான ஊழியர்கள் விட்டுப் போவதில்லை, சிறு பிழை நேர்ந்தாலும் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்கிறார். நம்பிக்கையையே விற்பனைப் பொருளாகக் கொண்ட தொழில்களில் அதன் இழப்புக்கு ஈடே கிடையாது. கணக்கு மோசடியால் வீழ்ந்த என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம், ஆவணங்களை அழித்தது தொடர்பான வழக்கில் 2002-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 85,000 பேர் வேலை செய்த அந்த நிறுவனம் கலைந்துபோயிருந்தது. தீர்ப்பு திரும்பி வந்தது. வாடிக்கையாளர்கள் திரும்பி வரவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நேர்மையாக நடந்தால் எப்போதும் லாபம் கிடைக்கும் என்று மேடைகளில் சொல்லப்படுவது முழு உண்மையன்று. லஞ்சம் கொடுக்க மறுத்த நிறுவனம் ஒப்பந்தத்தை இழக்கலாம். குறையைச் சொல்லி விற்றவர் அந்த விற்பனையையே இழக்கலாம். போட்டியாளர் கழிவுநீரை ஆற்றில் விடும்போது, சுத்திகரிப்பு நிலையம் கட்டியவரின் உற்பத்திச் செலவு கூடத்தான் செய்யும். லாபம் தரும் என்ற ஒரே காரணத்துக்காக அறநெறியை ஏற்றுக்கொண்டவர், லாபம் தராத முதல் நாளில் அதைக் கைவிட்டுவிடுவார். பிறருக்குத் தீங்கு செய்து ஈட்டும் பணத்தில் நமக்கு உரிமை இல்லை என்பதே அறநெறிக்கான முதற்காரணம். மற்ற நன்மைகள் வந்தால் வரட்டும்.

நல்லவர்கள் தவறும் இடம்

உளவியலாளர்கள் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வை 1973-இல் வெளியிட்டார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் சென்று சிற்றுரை ஆற்றும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினர் பேசவேண்டிய பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய உவமைதான். வழியில் ஒருவர் முனகியபடி சரிந்து கிடந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவ முன்வந்தார்கள்; தாமதமாகிவிட்டது, விரைந்து செல்லுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேரே முன்வந்தார்கள். அவர்கள் எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

நிறுவனத்தில் அறநெறியை நிலைநிறுத்த முனைபவர் இந்த முடிவை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. ஆண்டுக்கொரு முறை நடத்தும் நன்னெறிப் பயிற்சி வகுப்பைக் காட்டிலும், ஊழியரின் தலைமேல் தொங்கும் காலக்கெடு வலிமையானது. ஆகவே வேலையைத் தொடங்க வேண்டிய இடம் உபதேசம் அன்று, நெருக்கடிகளின் பட்டியல். உங்கள் நிறுவனத்தில் யார், எந்த நாளில், எந்தக் காரணத்துக்காகப் பொய் சொல்லும் கட்டாயத்துக்கு ஆளாகிறார் என்று கேளுங்கள். மாதக் கடைசியில் விற்பனைப் பிரிவு, சரக்கு அனுப்பும் நாளில் தரச் சோதனைப் பிரிவு, உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில் அரசு அலுவலகங்களுக்குச் சென்று வருபவர், காலாண்டு முடிவில் கணக்குப் பிரிவு என்று அந்தப் பட்டியல் விரியும். "எல்லாரும் செய்வதுதானே", "இந்த ஒரு தடவை மட்டும்", "மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்", "கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்" என்ற பேச்சு எந்த மேசையில் அடிக்கடி கேட்கிறதோ, அந்த மேசையில் உங்கள் ஏற்பாடு பழுதுபட்டிருக்கிறது என்று பொருள். அங்கே அமர்ந்திருப்பவரைத் திட்டுவதற்கு முன், அவரிடம் கேட்கப்பட்ட வேலை நேர்மையாகச் செய்யக்கூடியதா என்று பாருங்கள்.

இலக்கைச் சரிபார்த்தல்

எல்லா ஏற்பாடுகளிலும் அதிகத் தீங்கு விளைவிப்பது விற்பனை இலக்குதான் என்பது என் உறுதியான கருத்து. வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்று தன் கிளைகளுக்கு இலக்கு வைத்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு எட்டு சேவைகள் ஏன் தேவை என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. ஆங்கிலத்தில் அந்த எண் முழக்கமாகச் சொல்ல எதுகையாக அமைந்தது, அவ்வளவுதான். இலக்கை எட்டாத ஊழியர்கள் நாள்தோறும் மேலாளர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. விளைவாக, வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் கணக்குகள் தொடங்கப்பட்டன, கடன் அட்டைகள் வாங்கப்பட்டன, இல்லாத மின்னஞ்சல் முகவரிகள் பதிவு செய்யப்பட்டன. 2016 செப்டம்பரில் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் இதன் காரணமாக ஏற்கெனவே வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்த செய்தி வெளியாயிற்று. 5,300 பேரும் தனித்தனியே கெட்டவர்களாக வந்து ஒரே வங்கியில் சேர்ந்தார்கள் என்று நம்ப இடமில்லை. அனுமதியின்றித் தொடங்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகளின் எண்ணிக்கை பின்னர் 35 லட்சம் வரை மதிப்பிடப்பட்டது. 2020-இல் அந்த வங்கி மேலும் 300 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

இலக்கைச் சரிபார்க்க ஒரு சாதாரணக் கணக்குப் போதும். ஒரு விற்பனையாளர் நாளொன்றுக்குப் பத்துப் பேரைச் சந்திக்க முடியும், பத்துப் பேரில் ஒருவர் வாங்குவார் என்று உங்கள் பழைய பதிவுகள் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 25 வேலை நாள்கள் உள்ள மாதத்தில் நேர்மையான வழியில் 25 விற்பனைகள் கிடைக்கும். திறமையும் நல்ல வாய்ப்பும் சேர்ந்தால் 30 ஆகலாம். அவருக்கு 40 என்று இலக்கு வைத்து, எட்டினால்தான் ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்றும் சொல்லிவிட்டால், மீதமுள்ள பத்து விற்பனைகளைப் பொய்யிலிருந்துதான் உருவாக்கும்படி நீங்களே உத்தரவிட்டிருக்கிறீர்கள். உத்தரவு எழுத்தில் இல்லை என்பதால் பொறுப்பு குறையாது. இலக்கு வைக்கும் ஒவ்வொரு மேலாளரும் இந்தக் கணக்கை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று விதி செய்யுங்கள். அதோடு, ஊக்கத்தொகையின் ஒரு பகுதியைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்து, திரும்பப் பெறப்பட்ட பொருள்களையும், ரத்தான ஒப்பந்தங்களையும், வாடிக்கையாளர் புகார்களையும் கழித்த பிறகு கொடுங்கள். பொய்யாகக் காட்டிய விற்பனை அந்தச் சில மாதங்களில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். ஒருவர் இலக்கைத் தாண்டிச் சாதித்தால் பாராட்டுவதற்கு முன் எப்படிச் சாதித்தார் என்று விசாரிக்கும் வழக்கமும் வேண்டும். அதைச் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாத அளவுக்கு, எல்லாரிடமும் எப்போதும் கேட்கப்படும் கேள்வியாக அது இருக்க வேண்டும்.

விதிகளை எழுதுதல், விலக்கு அளிக்காதிருத்தல்

என்ரான் நிறுவனத்திடம் நன்னெறிக் கையேடு இல்லாமல் இல்லை. 2000 ஜூலையில் வெளியான அதன் பதிப்பு 64 பக்கங்கள் கொண்டது. நிறுவனத்தின் அதிகாரிகள், நிறுவனத்தோடு வணிகம் செய்யும் வேறு அமைப்புகளில் தாமே ஆதாயம் பெறக் கூடாது என்ற விதியும் அந்த நிறுவனத்தில் இருந்தது. தலைமை நிதி அதிகாரி ஆண்ட்ரூ ஃபாஸ்டோ அத்தகைய கூட்டாண்மை அமைப்புகளைத் தாமே நிர்வகிக்க விரும்பியபோது, 1999-இல் இயக்குநர் குழு அந்த விதியிலிருந்து அவருக்கு விலக்கு அளித்தது. நிறுவனத்தின் கடன்களை மறைக்கவும் லாபத்தைப் பெருக்கிக் காட்டவும் பயன்பட்ட ஏற்பாடுகளில் அந்த அமைப்புகளுக்கு முக்கியப் பங்கு இருந்தது. அவர் சொந்தமாகக் கோடிக்கணக்கில் ஆதாயம் பெற்றதும் பின்னர் தெரியவந்தது. 2001 டிசம்பர் 2 அன்று என்ரான் திவால் மனு தாக்கல் செய்தது. இங்கே விதி திருட்டுத்தனமாக மீறப்படவில்லை. கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, முறைப்படி ஒதுக்கி வைக்கப்பட்டது. மேலே இருப்பவர்களுக்கு விலக்குத் தரும் விதி, கீழே இருப்பவர்களுக்கு அச்சுறுத்தலாக மட்டுமே எஞ்சும்.

ஆகவே விதிகளைக் குறைவாக எழுதுங்கள். எழுதியவற்றுக்கு விலக்கே கிடையாது என்று அறிவியுங்கள். படிப்பவருக்கு உடனே புரியும்படி, செய்ய வேண்டியதையும் கூடாததையும் நேராகச் சொல்லுங்கள். "உயர்ந்த நேர்மையைக் கடைப்பிடிப்போம்" என்ற வாக்கியத்தால் எந்த ஊழியருக்கும் எந்த வழியும் தெரியாது. "சப்ளையரிடமிருந்து பணமாகவோ, பணத்துக்கு ஈடானதாகவோ எதையும் பெறக் கூடாது; பொருளாக வந்த பரிசை அன்றே பதிவேட்டில் எழுதி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்" என்ற வாக்கியத்தால் தெரியும்.

சொந்த நலனும் நிறுவன நலனும் முரண்படும் இடங்களுக்குத் தனிக் கவனம் தேவை. உறவினரோ நண்பரோ நடத்தும் நிறுவனத்திடமிருந்து கொள்முதல் செய்வது தன்னளவில் குற்றம் ஆகாது; அதை மறைப்பதே குற்றம். கொள்முதல் அதிகாரி ஒருவர் எழுதித் தரும் அறிவிப்பு இப்படி இருக்கலாம்: "விலைப்புள்ளி அனுப்பியுள்ள மூன்று நிறுவனங்களில் இரண்டாவது நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர் என் மனைவியின் அண்ணன். அந்த நிறுவனத்தில் எனக்கோ என் மனைவிக்கோ முதலீடு இல்லை. இந்தக் கொள்முதலுக்கான ஒப்பீட்டிலும், பேச்சுவார்த்தையிலும், சரக்கின் தரச் சோதனையிலும் நான் பங்கேற்க மாட்டேன்." மூன்று வரிகள்தான். இதை எழுதித் தருபவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்காமல் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளும் மேலாளர் இருந்தால், அடுத்த முறை இன்னொருவர் தயங்காமல் எழுதித் தருவார். அறிவிப்பில் சொன்னபடி அவர் அந்தக் கோப்பிலிருந்து உண்மையிலேயே விலக்கி வைக்கப்பட்டாரா என்பதையும் யாராவது ஒருவர் பின்னர் சரிபார்க்க வேண்டும்.

கடினமான முடிவை எடுக்கும் நேரத்தில்

1982-இல் சிகாகோ நகரிலும் சுற்றுப்புறத்திலும் டைலெனால் என்ற வலிநிவாரணி மருந்தை உட்கொண்ட ஏழு பேர் இறந்தார்கள். கடைகளில் இருந்த புட்டிகளில் யாரோ சயனைடு கலந்திருந்தார்கள். தயாரித்த ஆலையில் தவறு நேரவில்லை. ஆயினும் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் நாடெங்கும் இருந்த ஏறத்தாழ 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அதற்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. பிறகு, யாராவது திறந்திருந்தால் கண்டுபிடித்துவிடும்படி முத்திரையிட்ட புதிய உறையில் மருந்து விற்பனைக்கு வந்தது. இழந்த சந்தையின் பெரும்பகுதி மீண்டது. அந்த நிறுவனத்தின் கொள்கை அறிக்கை 1943-இலேயே எழுதப்பட்டிருந்தது. பொருளைப் பயன்படுத்துபவர்கள் முதலில், பிறகு ஊழியர்கள், பிறகு சமூகம், கடைசியில் பங்குதாரர்கள் என்று பொறுப்புகளை வரிசைப்படுத்தியதே அதன் சிறப்பு. "அனைவரின் நலனும் எங்களுக்கு முக்கியம்" என்று எழுதியிருந்தால், நெருக்கடி நாளில் அதிலிருந்து எந்த முடிவும் கிடைத்திருக்காது. இதே நிறுவனம் பிற்காலத்தில் தன் வேறு பொருள்கள் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு தலைமுறை சரியாக நடந்துகொண்டது அடுத்த தலைமுறைக்குச் சான்றிதழ் ஆகாது.

உங்கள் வரிசையை நெருக்கடி இல்லாத நாளில் எழுதி வையுங்கள். முடிவெடுக்க வேண்டிய நேரம் வரும்போது ஒரு தாளை எடுத்து, இந்த முடிவால் பாதிக்கப்படக்கூடியவர்கள் யார் யார், அவர்களில் இந்த அறையில் இல்லாதவர்கள் யார் என்று எழுதுங்கள். அறையில் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் விலை கொடுக்கிறார்கள். பிறகு, அவர்களுக்கு முழு விவரமும் தெரிந்தால் இதை ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். தெரியாமல் இருந்தால்தான் இந்தத் திட்டம் பலிக்கும் என்பது விடையானால், அது ஏமாற்றுதல்தான். வேறு பெயர் சூட்டத் தேவையில்லை. கூட்டத்தில் மறுத்துப் பேசியவரின் கருத்தை நடவடிக்கைக் குறிப்பில் அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். முடிவை ஒரே அமர்வில் எடுத்தாக வேண்டும் என்று அவசரப்படுத்துபவரிடம், ஒரு நாள் தள்ளிப்போட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று விசாரியுங்கள்.

சப்ளையர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள்

2013 ஏப்ரல் 23 அன்று, வங்காளதேசத்தின் டாக்கா அருகே சாவரில் இருந்த ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல்கள் தென்பட்டன. கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டன. மேல் தளங்களில் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்று மிரட்டப்பட்டதாகத் தப்பிப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அன்று காலை கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே விரிசலைப் பார்த்து வங்கி ஊழியர் வீட்டுக்குப் போக முடிந்தது, தையல் தொழிலாளிக்கு முடியவில்லை. இந்த வேறுபாட்டை நன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். விலையை இயன்றவரை குறைத்து, சரக்கு வந்துசேரும் நாளை இயன்றவரை நெருக்கும் வணிக முறையில், தாமதத்தின் சுமை மிகவும் ஏழ்மையான கைகளில் வந்து விழுகிறது. தொலைதூரத்தில் அந்த ஆடைகளுக்கு ஆர்டர் கொடுத்தவர்கள், தாங்கள் யாரையும் அந்தக் கட்டடத்துக்குள் அனுப்பவில்லை என்று சொல்லக்கூடும். ஆனால் தங்கள் செயல்பாட்டால் நேரடியாக விளையும் தீங்குக்கும், வணிக உறவுகள் வழியாகத் தங்களோடு தொடர்புடைய தீங்குக்கும் நிறுவனங்கள் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை 2011-இலேயே ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

நடைமுறையில் இதற்குச் செய்ய வேண்டியவை பல. சப்ளையர் கேட்ட விலை, நியாயமான கூலியும் பாதுகாப்பும் தந்து உற்பத்தி செய்யக்கூடிய விலைதானா என்று நீங்களே ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். அதற்கும் கீழே பேரம் பேசி வாங்கினால், குறைந்த தொகை யாருடைய கூலியிலிருந்தோ வருகிறது. ஆர்டர் கொடுத்த பிறகு வடிவத்தையும் எண்ணிக்கையையும் மாற்றினால் காலக்கெடுவையும் நீட்டித்துக் கொடுங்கள். ஆய்வுக்குச் செல்பவர் பதிவேடுகளோடு நின்றுவிடாமல், மேலாளர்கள் உடன் இல்லாத இடத்தில் தொழிலாளர்களிடம் பேச வேண்டும்.

பாக்கியை உரிய நாளில் கொடுப்பதும் அறநெறிதான். இதை யாரும் அந்தப் பெயரில் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய ஆதங்கம். முப்பது நாளில் பணம் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு தொண்ணூறு நாள் இழுத்தடிக்கும் பெரிய நிறுவனம், சிறிய நிறுவனத்திடமிருந்து அதன் அனுமதி இல்லாமல் வட்டியில்லாக் கடன் வாங்குகிறது. அந்தச் சிறியவர் தன் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வெளியில் வட்டிக்கு வாங்குகிறார். அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் புகாரும் செய்வதில்லை. உங்கள் கணக்குப் பிரிவிடம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் தாமதமான பில்களின் பட்டியல் கிடைக்கும். அறநெறியில் முதல் அடி எடுத்து வைக்க விரும்பும் எந்த நிறுவனமும் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.

உண்மை மேலே வந்து சேரும் வழி

மோசடிகள் எப்படி வெளிப்படுகின்றன என்பதை, சான்று பெற்ற மோசடி ஆய்வாளர்கள் சங்கம் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அதன் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஆராயப்பட்ட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் கொடுத்த தகவலால்தான் தெரியவந்தன. அப்படித் தகவல் கொடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தந்த நிறுவனங்களின் ஊழியர்களே. தணிக்கையால் வெளிப்பட்டவை அதைவிட மிகக் குறைவு. விஷயம் பக்கத்து மேசைக்குத் தெரிந்திருக்கிறது. அது மேலே வந்து சேரத்தான் வழி வேண்டும்.

புகாரைப் பெறுபவர், புகாருக்கு உள்ளானவருக்குக் கீழே வேலை செய்பவராக இருக்கக் கூடாது. ஒரே ஒரு வழி வைத்தால் அந்த வழியில் அமர்ந்திருப்பவரே அதை அடைத்துவிட முடியும். ஆகையால் குறைந்தது இரண்டு வழிகள் வேண்டும். பெயர் சொல்லாமல் எழுதும் புகாரையும் ஏற்க வேண்டும். ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய நெறிமுறை, புகார் கிடைத்ததை ஏழு நாளுக்குள் உறுதிப்படுத்த வேண்டும், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கூறுகிறது. எந்த நாட்டில் உள்ள நிறுவனமும், சிறியதாக இருந்தாலும், இந்தக் கால அளவுகளைத் தானே முன்வந்து ஏற்றுக்கொள்ளலாம். புகார் செய்தவரைப் பழிவாங்குவது பெரும்பாலும் வேலைநீக்கமாக வருவதில்லை. கூட்டங்களுக்கு அழைக்காமல் விடுவது, பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நழுவுவது, திடீர் இடமாற்றம் என்று மெல்ல வரும். ஆகவே புகார் செய்தவரின் நிலையை அடுத்த ஓராண்டுக்கு இயக்குநர் நிலையில் ஒருவர் கவனித்து வர வேண்டும்.

அதிகாரம் இல்லாத ஊழியர் ஒரு தவறைக் கண்டால், முதலில் தான் நேரில் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாக, நாளும் நேரமும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. அடுத்து, குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாக எழுப்பலாம்: "இந்தச் செலவை அடுத்த ஆண்டுக் கணக்கில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், இதற்கான விதி எது என்று தெரிந்தால் அதைக் கோப்பில் குறித்துவிடுகிறேன்." வாய்மொழியாகத் தவறான உத்தரவு கொடுத்தவர்களில் சிலர், எழுத்தில் கேட்டவுடன் பின்வாங்கிவிடுவார்கள். தனியாகப் பேசுவதைவிட நம்பகமான இன்னொரு சக ஊழியரோடு சேர்ந்து பேசுவது பாதுகாப்பானது. வெளி அமைப்புகளிடம் செல்வதற்கு முன்பும், ஆவணங்களின் நகலை எடுப்பதற்கு முன்பும், அந்தந்த நாட்டுச் சட்டம் எந்த அளவுக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆண்டுதோறும் பார்க்க வேண்டியவை

ஆண்டுக்கு ஒருமுறை இயக்குநர் குழுவோ, சிறு நிறுவனமாக இருந்தால் உரிமையாளரும் மூத்த ஊழியர்களுமோ அமர்ந்து, எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை நாளில் விடை கொடுக்கப்பட்டது, எத்தனை நல முரண் அறிவிப்புகள் எழுதித் தரப்பட்டன, எத்தனை பில்கள் தாமதமாயின, எந்தெந்த இலக்குகள் குறைக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். புகாரே வரவில்லை என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம். வேலையை விட்டுச் சென்றவர்கள் சிலரைத் தொடர்புகொண்டு, பணியில் இருந்தபோது சொல்லத் தயங்கியது எது என்று கேளுங்கள். நேர்மையாக நடந்துகொண்டதால் அந்த ஆண்டில் கைவிட்ட ஒப்பந்தங்களையும் இழந்த விற்பனைகளையும் தனிப் பட்டியலாகத் தயாரியுங்கள். அந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஊழியர்களின் ஊக்கத்தொகை அதனால் குறைந்திருந்தால், அடுத்த மாதச் சம்பளத்தோடு அதை ஈடுசெய்யுங்கள்.